இயற்கை ஒயினில் இடறும் இடங்கள்

தமிழில் இந்தப் பொருளைப் பேசத் தொடங்கும்போதே ஒரு சொல் காலை இடறிவிடுகிறது. இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் பயிர் செய்வதை ‘இயற்கை’ என்கிறோம். கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் பிற சேர்மானங்களும் இல்லாமல் திராட்சைச் சாற்றைத் தானாக நொதிக்க விட்டு எடுக்கும் ஒயினையும் ‘இயற்கை’ என்கிறோம். முன்னது தோட்டத்தைப் பற்றியது, பின்னது தொட்டியைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதே சென்னையில் இந்த ஒயினை ஆர்வத்தோடு விசாரிப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு. தோட்டத்தைக் குறிக்க ‘அங்கக’ என்ற சொல்லை ஒதுக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012-ஆம் ஆண்டு அறுவடைக்கு முன்பு ‘அங்கக ஒயின்’ என்ற பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை. ‘அங்ககத் திராட்சையில் செய்த ஒயின்’ என்று மட்டுமே எழுத முடிந்தது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த விதி, இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமும் வெள்ளை ஒயினில் 150 மில்லிகிராமும் வரை சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) இருக்க அனுமதிக்கிறது. வாங்கிய ஈஸ்ட்டையும் அது தடுக்கவில்லை. ஆகவே அங்கக முத்திரை உள்ள புட்டி இயற்கை ஒயினாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 2020-இல் பிரான்சில் உருவான ‘வேன் மெத்தோட் நாத்யூர்’ (இயற்கை முறை ஒயின்) என்ற முத்திரை இதைவிடக் கண்டிப்பானது: சான்று பெற்ற அங்ககத் திராட்சை, கையால் அறுவடை, பழத்தோடு வந்த ஈஸ்ட், சேர்த்தாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டாத சல்ஃபைட். நம் நாட்டு நிலைமையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. திராட்சை பல்லாண்டுப் பயிர் என்பதால், அங்கக முறைக்கு மாறிய தோட்டத்துக்குச் சான்று கிடைக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த கவாத்துக்கே ‘அங்ககத் திராட்சை’ என்று எழுதுவது அவசரம் மட்டுமன்று, தவறான தகவலும் ஆகும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. எதையும் சேர்க்காமல் இருப்பதை எதையும் செய்யாமல் இருப்பதாகப் புரிந்துகொள்கிறார்கள். இட்லி மாவுக்கு நாம் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் நுண்ணுயிரிகளே மாவைப் பொங்க வைக்கின்றன. ஆனாலும் உளுந்து பழசா, கிரைண்டர் சுத்தமாகக் கழுவப்பட்டதா, மார்கழியில் எத்தனை மணி நேரம், சித்திரையில் எத்தனை மணி நேரம் என்று பார்க்காத வீட்டில் மாவு ஒரு நாள் போல் மறு நாள் இருப்பதில்லை. ஒயினும் அப்படித்தான். நசுக்கிய பழத்தில் முதலில் பெருகுபவை ஹன்சேனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்ட்டுகள். ஆல்கஹால் நான்கு, ஐந்து சதவீதத்தை எட்டும்போது அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிட, மிச்சமுள்ள வேலையை ஆல்கஹாலைத் தாங்கும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் எடுத்து முடிக்கிறது. இந்தக் கைமாற்றம் தாமதமாகும் இடைவெளியில் வினிகர் பாக்டீரியாக்கள் புகுந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள சிறு விவசாயிகள், முழு அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே நல்ல குலைகளைக் கொஞ்சம் பறித்து, சிறு வாளிகளில் நொதிக்க விட்டு, முகர்ந்தும் சுவைத்தும் பார்த்து, குறையில்லாத வாளியை மட்டும் பெரிய தொட்டிக்கு உறையாக ஊற்றுகிறார்கள். தயிருக்கு உறை ஊற்றும் கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழுகிய மணிகளைப் பொறுக்கி எறிவதும், தொட்டியையும் குழாயையும் ஒவ்வொரு நாளும் கழுவுவதும் இதோடு சேர்ந்தவை; உண்மையில் இந்தத் தொழிலின் பெரும்பகுதி கழுவுவதுதான். பிரான்சின் போஜொலேப் பகுதியில் இந்தப் போக்குக்கு வழிகாட்டியாகக் கருதப்படும் ஜூல் ஷோவே ஒயின் வணிகர் மட்டுமல்லர், ஈஸ்ட்டுகளை ஆராய்ந்த வேதியியலாளரும் ஆவார்; அவருடைய கருத்துகளை அதே பகுதியைச் சேர்ந்த மோர்கோனில் நடைமுறைப்படுத்திய மார்செல் லபியேரும் கவனக்குறைவுக்குப் பெயர் பெற்றவர் அல்லர்.

வெப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நொதித்தல் தானே சூட்டை உண்டாக்கும். முப்பது டிகிரியில் தொடங்கும் தொட்டி, குளிர்விக்க ஏற்பாடு இல்லையெனில் எளிதாக 35-ஐத் தாண்டும். அங்கே ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை பாதியில் நிற்க, லாக்டிக் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை உண்டு அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அந்தப் புளிப்பைப் பிறகு இயற்கை ஒயின் முறைக்குள் நின்று எடுக்க முடியாது என்றே கொள்ளலாம்.

கந்தகத்தைப் பற்றிய அச்சம் மூன்றாவது. ‘சல்ஃபைட்டே இல்லாத ஒயின்’ என்று கேட்பவர்கள் அறிய வேண்டியது, ஈஸ்ட் தானாகவே சிறிதளவு சல்ஃபைட்டை உண்டாக்குகிறது என்பது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பதால், எதையும் சேர்க்காத புட்டியிலும் அந்த வாசகம் இருக்கலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் உண்மையாகவே ஒவ்வாது. மற்றவர்கள் மறுநாள் தலைவலிக்கு அதைக் குற்றம் சாட்டுவதற்கு முன், உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கின்றன என்பதையும், குடித்த ஆல்கஹாலின் அளவையும் நினைத்துப் பார்க்கலாம். பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சாற்றின் போக்கை ஒரு சிறு சேர்மானத்தால் கட்டுப்படுத்துவது நமக்குப் புதிதன்று. புட்டியில் அடைக்கும் நேரத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சல்ஃபைட் சேர்ப்பவரைத் துரோகி என்று ஒதுக்குவது, என் கருத்தில், கைத்தொழிலைக் கொள்கைச் சண்டையாக்குவதாகும்.

பழத்தைத் தேர்வதிலும் பிழை நேர்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மணம் மிகுந்தது, தேனி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டே இருப்பது. ஆனால் கோயம்பேட்டுக்கு வரும் குலை, உண்பதற்காகவும் பயணத்தைத் தாங்குவதற்காகவும் பறிக்கப்பட்டது. ஒயினுக்கு வேண்டிய முதிர்ச்சியைக் கணக்கிட்டுப் பறித்ததன்று. வெப்ப மண்டலப் பழத்தில் அமிலம் சீக்கிரம் குறைவதால் சர்க்கரையை மட்டும் அளந்து திருப்தி அடைவதும் போதாது; பிஎச் அளவைப் பார்க்க வேண்டும் (எண் கூடினால் அமிலத்தன்மை குறைகிறது என்று பொருள்). பிஎச் 3.2 உள்ள ஒயினில் கிடைக்கும் பாதுகாப்பை 3.8-இல் பெற ஏறத்தாழ நான்கு மடங்கு கந்தகம் தேவைப்படும். குறைவாகச் சேர்க்க விரும்புபவர் அமிலத்தைத் தோட்டத்திலேயே காப்பாற்றியாக வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கப்படும், தாமிரம் கலந்த போர்டோ கலவை அங்கக முறையில் அனுமதிக்கப்பட்டது என்பதால் அளவின்றி அடிப்பதும் தவறு. தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளுக்குச் சேர்த்து 28 கிலோதான் உச்சவரம்பு.

சர்க்கரை முழுவதும் தீராமல் புட்டியில் அடைப்பது ஆபத்தான தவறு. லிட்டரில் மீந்த 4 கிராம் சர்க்கரை மீண்டும் நொதித்தால் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சாதாரணப் புட்டி பல மடங்கைத் தாங்காது. நொதிக்கும் அறையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் தரையில் தங்கும் கரியமில வாயு உயிரையே பறிக்கும்.

குறையையெல்லாம் குணம் என்று விற்பது இந்தத் துறைக்கே கெட்ட பெயர் தேடித் தருகிறது. கலங்கல் குறையன்று, வடிகட்டாததன் அடையாளம். நெயில் பாலிஷ் நெடியும், விழுங்கிச் சில நொடிகள் கழித்து நாக்கில் எழும் எலிவாடையும் குறைகளே. எலிவாடை மூக்குக்குத் தெரியாது. எச்சில் பட்டு அமிலத்தன்மை குறைந்த பிறகே வெளிப்படும் என்பதால் முகர்ந்து பார்த்து மட்டும் வாங்குபவர் ஏமாறுவார்.

சென்னைவாசிகள் குறிப்பாக மறப்பவை இரண்டு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு உபயோகத்துக்கு, கிறிஸ்துமஸுக்கு என்ற காரணங்கள் அதை மாற்றுவதில்லை. சில்லறை விற்பனையும் 2003 முதல் டாஸ்மாக் வசம் இருப்பதால், பிரெஞ்சு விவசாயி தன் தோட்டத்து வாசலில் விற்பதைப் பார்த்து இங்கே திட்டம் போடுவது பயனளிக்காது. அடுத்தது, முறையாக வாங்கிய புட்டியை வைக்கும் இடம். கந்தகம் குறைந்த ஒயின் 15 டிகிரிக்குக் கீழே இருக்க விரும்புவது. வரவேற்பறை அலமாரியில் அக்னி நட்சத்திரத்தைக் கடத்திய புட்டியைத் திறந்துவிட்டுத் தயாரித்தவரைக் குறை சொல்வது நியாயமாகாது. தனிக் குளிரறை இல்லாதவர்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்து, சிவப்பு ஒயினாக இருந்தால் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.