முதியவர் விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள்

குளியலறையில் தொப்பென்று சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கழுத்தெலும்போ இடுப்பெலும்போ முறிந்திருந்தால், இழுக்கிற இழுப்பில் முறிவு விலகி நரம்பும் சேர்ந்து அடிபடலாம்.

கிடக்கிற நிலையிலேயே பேச்சுக் கொடுங்கள். பதில் தெளிவாக வருகிறதா? கழுத்து வலிக்கிறதா? கைகால் விரல்கள் அசைகின்றனவா? அடுத்து இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும்.

மயக்கம், குழறல், வாந்தி, கழுத்துவலி, கால் ஊன்ற முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். புளோக் எண், மாடி, வீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள். ஒருவர் கீழே இறங்கி மின்தூக்கியைப் பிடித்து வைத்தால் நேரம் மிச்சம். பாவம், பயந்திருப்பார் என்று மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

எந்த அறிகுறியும் இல்லை, தானே எழ முடியும் என்றால் மட்டும்: பக்கவாட்டில் புரண்டு, முட்டிபோட்டு, உறுதியான நாற்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்வைத்து மெல்ல எழட்டும்.

வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் அவசரப் பிரிவுக்குப் போயே ஆகவேண்டும். மருந்து உறைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது முக்கியம்; எதிர்மருந்து கொடுப்பதா என்பதை அதை வைத்தும் முடிவு செய்வார்கள். சிடி ஸ்கேன் சரியாக வந்தாலும் சில வாரம் கவனியுங்கள். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, அதன் மேலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் கசிந்து இரத்தம் மெல்லச் சேரும். புதிதாகத் தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்ற நடை, பேச்சில் குழப்பம் வந்தால், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.

இடுப்பு முறிவென்றால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யப் பார்ப்பார்கள். படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் இரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வயதைக் காரணம் காட்டித் தயங்கும் குடும்பங்கள் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை குளியலறையில் தொடங்குகிறது. துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது; உறிஞ்சிப் பிடிக்கும் வகைக் கைப்பிடியும் எதிர்பாராத நேரத்தில் கழன்றுவிடும். சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடிதான் வேண்டும், கழிவறை இருக்கைப் பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. எண்ணெய்க் குளியல் நாளில் தரையில் பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்தவர் உள்ளே போகவேண்டும். வெறும் நீர் ஊற்றினால் நல்லெண்ணெய் போகாது. உட்கார்ந்து குளிக்க, காலில் ரப்பர் பொருத்திய நாற்காலி வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தில் வழுக்கும்.

இரவில் எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவருக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். அடிக்கடி சுற்றினால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருந்துகளை மறுஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க அவர்களை முக்காலியில் ஏறவே விடாதீர்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கும் சிங்கப்பூரர்களின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு, முதியோருக்காக வீட்டைப் பாதுகாப்பாக்கும் ‘ஈஸ்’ (EASE) திட்டத்தில் கைப்பிடியும் வழுக்காத தரைப் பூச்சும் பெரும் மானியத்தில் கிடைக்கும். பொருத்த வருபவர் இடத்தைக் குறிக்கும்போது முதியவரையே இருக்கையில் உட்காரவைத்து, கை எட்டும் உயரம் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.