புது ட்ரிகர் சிக்குகிறதா? விளக்குக் கரி தடவிப் பாருங்கள்

பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் புது ட்ரிகர் மாட்டிய பிறகு, இழுத்து விட்டால் அது சரியாகத் திரும்பவில்லையா? ஸ்பிரிங் திருகில் கை வைக்காதீர்கள். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, ரைபிளைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றி ட்ரிகரைத் தனியாக இழுத்துப் பாருங்கள். தனியாக நன்றாக வேலை செய்தால் கோளாறு மரத்தில்தான். விளக்குக் கரியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் குழைத்து ட்ரிகர் பாகங்கள் அடங்கிய பெட்டியின் பக்கங்களில் மெல்லத் தடவி, கட்டையை மாட்டித் திருகை இறுக்கி மறுபடி கழற்றுங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

மாசர் 98 போன்ற பழைய ராணுவ ரகங்களில் இருந்த ட்ரிகரை விட, இப்போது கிடைக்கும் மாற்று ட்ரிகரின் பெட்டி பெரியது. கட்டையின் குழியோ பழைய அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்கு நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதிவிடும். அதனால் தேய்த்த இடத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடுங்கள், பச்சை மரமாக விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி பிடிக்கும்.

கட்டை இல்லாமலே ட்ரிகர் சிக்கினாலோ, சேஃப்டி பூட்டு சரியாக விழாவிட்டாலோ, தோட்டா போடாமல் விசையை மட்டும் ஏற்றி வைத்த துப்பாக்கியின் அடியைத் தட்டியதும், தோட்டாவை அடிக்கும் ஊசி தானே விழுந்தாலோ இந்த வைத்தியம் எடுபடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுக்கடைக்குத்தான் போக வேண்டும். ட்ரிகரை மாட்டுவதும் அவர்கள் வேலைதான்.