நீர் புகாத சேஃப்டி பூட்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி? லேபிள் முதல் வாளிச் சோதனை வரை

பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் வேலை எனக்கு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். சில வருடங்களுக்கு முன் பெட்டியின் மேல் ‘நீர் எதிர்ப்பு’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வாங்கினேன். இரண்டாம் நாள் மதியத்துக்குள் சாக்ஸைப் பிழிய வேண்டியதாயிற்று. அந்த வாரக் கடைசியில் விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, சேற்றுப்புண் வந்துவிட்டது. பத்து நாள் சரியாக நடக்க முடியவில்லை.

பூட்ஸில் குறை இருந்தது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டபோதுதான், நான் செய்யும் வேலைக்கு அது தகுதியே இல்லாத பூட்ஸ் என்று புரிந்தது. முதல்முறை வாங்குபவர்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் முழுக்க உங்கள் வேலையைக் கவனியுங்கள். மழையும் தெறிப்பும்தானா? ஈரப்புல்லிலும் சேற்றிலும் நடப்பதா? தேங்கிய தண்ணீரில் நிற்பதா? நிற்பதென்றால் தண்ணீர் கணுக்கால் வரையா, அதற்கும் மேலேயா? அதில் எண்ணெய், சிமெண்ட், ரசாயனம் ஏதாவது கலந்திருக்கிறதா?

ஒரு நாளில் மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் நிற்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த கம்பூட்ஸ்தான். தோல் பூட்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வேலைக்கு ஆகாது. கம்பூட்ஸிலும் பிவிசியை விட பாலியூரித்தேனில் வார்த்ததையே நான் சொல்வேன். எடை குறைவு, குளிரில் விறைக்காது, நாள் முடிவில் கால் ஓய்ந்துபோகாது. எண்ணெயும் கொழுப்பும் அதிகம் படும் இடமென்றால் நைட்ரைல் ரப்பர் கலந்ததைப் பாருங்கள்.

ஏணி ஏறி இறங்குபவர், நாள் முழுக்க நடப்பவர் என்றால் கம்பூட்ஸில் குதிகால் தூக்கித் தூக்கிப் போடும். அவர்களுக்கு லேஸ் கட்டும் தோல் பூட்ஸ்தான் சரி. சிக்கல் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

படி 2: பூட்ஸ் நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் மடல்) உட்புற லேபிளைப் படிப்பது

நான் வழுக்கிய இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாதுகாப்புக் காலணிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20345. இந்த எண் இருந்தால் விரல்மேல் இருக்கும் டோ கேப் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கும் என்று பொருள். எண் 20346 என்றால் அடி தாங்குவது 100 ஜூல்தான். 20347 என்றால் டோ கேப் கட்டாயமே இல்லை. கடைசி ஒரு இலக்கத்தைக் கவனிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

அதன் பக்கத்தில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று வகை போட்டிருக்கும். எஸ்1 வகைக்கு நீர் தொடர்பாக எந்த நிபந்தனையும் கிடையாது. எஸ்2, எஸ்3 வகைகளுக்கு உண்டு. என் பழைய பூட்ஸ் எஸ்3. அப்படியானால் ஏன் நனைந்தது?

ஏனென்றால் எஸ்3 வகைக்கான சோதனை பூட்ஸுக்கு நடப்பதில்லை, தோலுக்கு நடக்கிறது. மேல்தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, தண்ணீரில் மடக்கி மடக்கிப் பார்க்கிறார்கள். 60 நிமிடத்தில் மறுபக்கம் 0.2 கிராமுக்கு மேல் நீர் கசியக் கூடாது. தோல் தன் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. அந்தத் துண்டில் தையல் இல்லை. நாக்கு சேரும் இடம் இல்லை, லேஸ் ஓட்டை இல்லை, சோல் ஒட்டும் விளிம்பும் இல்லை. என் காலுக்குத் தண்ணீர் வந்தது இந்த இடங்கள் வழியாகத்தான். ஐஎஸ்ஓ தரத்தின் பழைய பதிப்பில் இந்தச் சோதனைக்கு டபிள்யூஆர்யூ என்று பெயர், 2022 பதிப்பில் டபிள்யூபிஏ என்று மாற்றிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான், தோலைப் பற்றி மட்டுமே சொல்கின்றன.

நீங்கள் தேட வேண்டியது டபிள்யூஆர் என்ற இரண்டே எழுத்து. யூ இல்லாத டபிள்யூஆர். இது முழு பூட்ஸையும் தண்ணீரில் நடக்கவிட்டுச் சோதித்ததற்கான அடையாளம். 2011 பதிப்பின்படி செய்த பூட்ஸில் ‘எஸ்3 டபிள்யூஆர்’ என்று இருக்கும். 2022 பதிப்பில் இதற்கென்றே புது வகைகள் வந்துவிட்டன: எஸ்2 உடன் டபிள்யூஆர் சேர்ந்தால் எஸ்6, எஸ்3 உடன் சேர்ந்தால் எஸ்7. எஸ்4, எஸ்5 இரண்டும் முழுக்க ரப்பரிலோ பாலிமரிலோ வார்த்த கம்பூட்ஸ் வகை. என் வேலைக்கு எஸ்5 ஒன்று, எஸ்7 ஒன்று என இரண்டு வைத்திருக்கிறேன்.

அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2413 மட்டும் போட்டிருந்தால், அது டோ கேப், மின்சார ஆபத்து போன்றவற்றைப் பற்றிப் பேசும். நீர் புகாமையைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. தயாரிப்பாளர் தனியாக என்ன உறுதி தருகிறார் என்று பார்க்க வேண்டும்.

ஆணி குத்தாமல் தடுக்கும் தகட்டுக்கும் எழுத்து உண்டு. 2022 பதிப்பில் பி என்றால் உலோகத் தகடு. பிஎல், பிஎஸ் என்றால் துணி போன்ற நெசவுத் தகடு. பிஎல் வகையை 4.5 மி.மீ. ஆணியாலும் பிஎஸ் வகையை 3 மி.மீ. ஆணியாலும் சோதிக்கிறார்கள். நெசவுத் தகடு பாதம் முழுவதையும் மூடும், வளையும், நடக்க இதமாக இருக்கும். ஆனால் பழைய பலகைகளைப் பிரிக்கும் இடத்தில் மெல்லிய ஆணிகள்தான் அதிகம். அங்கே நான் உலோகத் தகட்டையோ பிஎஸ் வகையையோதான் போடுவேன்.

படி 3: நாக்கைத் தூக்கிப் பாருங்கள்

கடையில் லேஸை முழுக்கத் தளர்த்தி நாக்கை முன்னால் இழுங்கள். நாக்கின் இரண்டு ஓரமும் பூட்ஸின் பக்கத்தோடு மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கிறதா? அந்த மடிப்பு எந்த உயரம் வரை போகிறது? உங்கள் பூட்ஸ் நீர் புகாமல் இருப்பது அந்த உயரம் வரைதான். பூட்ஸின் மொத்த உயரம் 20 செ.மீ. இருந்தும் மடிப்பு பாதியிலேயே நின்றுவிட்டால், அதற்கு மேல் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட்ஸை ஈர வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். போட்டுக் கழற்ற வசதிதான். ஆனால் ஜிப்பின் பல்லில் சேறு காய்ந்தபின் அது முன்போல மூடாது.

படி 4: அளவு

கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், வேலைக்குப் போடும் அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். டோ கேப் போகப் போக இளகாது. கடையில் விரலை உரசினால் கடைசி வரை உரசும். முட்டி மடக்கி உட்கார்ந்து எழுந்து பாருங்கள், அப்போதுதான் கேப்பின் பின் விளிம்பு மேல்பாதத்தை அழுத்துகிறதா என்று தெரியும்.

படி 5: வாளிச் சோதனை

வாங்கி வந்ததும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நனைந்த பூட்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முன்பே கேட்டுவிட்டு, வீட்டில் இதைச் செய்யுங்கள்.

முதல் தடவை நான் செய்த முறை தவறு. பூட்ஸுக்குள் கல்லைப் போட்டு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தேன். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. சந்தோஷமாக வேலைக்குப் போட்டுப்போனேன், இரண்டே மணி நேரத்தில் நனைந்துவிட்டது. சும்மா நிற்கும் பூட்ஸ் கசியாது. விரல்கள் மடங்கும் இடத்தில், டோ கேப்புக்குச் சற்றுப் பின்னால், தோல் சுருங்கி விரியும்போதுதான் தையல் ஓட்டை வாய் திறக்கிறது.

சரியான முறை இது. வெளிர் நிறத்தில் உலர்ந்த மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் பூட்ஸை இறுக்கிக் கட்டுங்கள். அகலமான தொட்டியில், நாக்கு மடிப்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வரும்படி தண்ணீர் நிரப்பி உள்ளே நில்லுங்கள். இனி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், நின்ற இடத்திலேயே நடப்பதுபோல. இருபது நிமிடம். அப்புறம் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

சாக்ஸைப் பாருங்கள். கசிவு என்றால் ஓரிடத்தில் ஈரம் திட்டாகத் தெரியும், தொட்டால் சில்லென்றிருக்கும். பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம் அல்லது நாக்கின் ஓரம். என் பூட்ஸில் கட்டைவிரல் மூட்டுக்கு நேராக ஒரு நாணயம் அளவு ஈரம் இருந்தது. அந்த இடத்தில் வெளியே தோலை மடக்கிப் பார்த்தபோது, இரட்டைத் தையலில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

கம்பூட்ஸுக்கு இவ்வளவு வேண்டாம். உள்ளே தண்ணீர் நிரப்பி, மடங்கும் இடத்தை அமுக்கி, வெளியே முத்து முத்தாக வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் தோலுக்கு உட்புறம் நீர் புகாத மெல்லிய சவ்வு வைத்துத் தைத்த தோல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். வெளியிலிருந்து வராதபடி தடுக்கும் சவ்வு உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. காய நாள் கணக்காகும்.

சோல், மின்சாரம் பற்றிச் சுருக்கமாக

வழுக்குத் தடுப்புச் சோதனை பீங்கான் ஓடு போன்ற வழவழப்பான தளத்தில் நடக்கிறது. சேற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சேற்றில் நடப்பவர்கள் ஆழமான, இடைவெளி விட்ட பற்களுள்ள சோலை எடுங்கள், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு சோல் தட்டையாகிவிடும். இன்னொன்று: நிலைமின் தடுப்பு என்பது மின்காப்பு அல்ல. அந்த பூட்ஸ் சிறிதளவு மின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவதற்காகவே செய்யப்பட்டது. மின்கம்பி வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

காய வைப்பது

இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். அடுப்பு, ஹீட்டர், கொதிக்கும் வெயில் மூன்றும் வேண்டாம், தோல் வெடிக்கும், ஒட்டு விடும். ஒரே இரவில் முழுக்கக் காயாது என்பதால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதுதான் நல்லது.

பின்சேர்க்கை 1

இதைப் படித்த ஒருவர், வாளிச் சோதனையில் தேறிய பூட்ஸும் வேலையில் நனைகிறது என்று எழுதியிருந்தார். மழையே இல்லாத நாளில் முழு நேரமும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்றும் சாக்ஸ் ஈரம், முழுப் பாதத்திலும் ஒரே சீராக. அது வியர்வை. நீராவியை வெளியே விடும் சவ்வும், வெளித்தோல் ஊறிப்போய்விட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வெப்பமும் புழுக்கமும் அதிகமுள்ள இடத்தில் இன்னும் மோசம். கம்பளி கலந்த சாக்ஸ், மதியத்தில் ஒரு மாற்று ஜோடி, இந்த இரண்டும் அவருக்குப் பயன்பட்டன. வெளித்தோல் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கினால் நீர் விலக்கும் ஸ்பிரே அடியுங்கள். சவ்வு பூட்ஸில் கெட்டியான கிரீஸை அப்பாதீர்கள்.

பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகுபவர்கள் அதை வெளியே விட்டுப் பாருங்கள். முழங்காலில் வழியும் மழை நேராக உள்ளே இறங்குவது பாதி நனைவுக்குக் காரணம்.

பின்சேர்க்கை 2: கான்கிரீட் போடுபவர்கள் கட்டாயம் படிக்கவும்

முதலில் எழுதியபோது இதை விட்டுவிட்டேன், கான்கிரீட் வேலை செய்பவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல். கணுக்கால் உயர பூட்ஸின் மேல் விளிம்பு வழியாக அந்தக் குழம்பு உள்ளே போனால், சாக்ஸ் அதைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். முதலில் வலிக்காது. மணிக்கணக்கில் ஊறியபின் தோல் வெந்து புண்ணாகிவிடும். இந்த வேலைக்கு உயரமான கம்பூட்ஸ், அதன் வாய்க்கு மேலாகத் தொங்கும் நீர்புகா பேன்ட், இரண்டும் வேண்டும். உள்ளே போய்விட்டால் வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கழற்றி, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3

பல வருடம் பெட்டியிலேயே வைத்திருந்த புது பூட்ஸைப் போட்டதும் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பாலியூரித்தேன் சோல் காற்றிலிருக்கும் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும். ஐஎஸ்ஓ தரமுள்ள பூட்ஸில் தயாரித்த ஆண்டும் மாதமும் அல்லது காலாண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். தேதி பழையதாக இருந்தால், சோலைக் கையால் வளைத்து, மடிப்பில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.