எக்ஸ்ட்ரூடர் டை வெட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முறுக்கு நாழியில் மாவு பிழிந்தவர்களுக்குக் களிமண் எக்ஸ்ட்ரூடரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உருளைக்குள் மண், மேலே நெம்புகோல், அடியில் வடிவம் வெட்டிய ஒரு தகடு. அந்தத் தகடுதான் டை. கருவியோடு வாங்கும் டைகளில் பெரும்பாலும் வட்டம், சதுரம், பட்டை என்று சில வடிவங்கள்தான் இருக்கும். கோப்பைக்குத் தனி மாதிரிக் கைப்பிடி, பூச்சாடிக்குச் சதுரக் குழாய் என்று ஆசை வந்ததும் சொந்தமாக வெட்டக் கிளம்புகிறோம். நேராகப் பட்டறைக்குப் போய் உலோகத்தில் வெட்டச் சொல்வதுதான் முதல் தவறு.

நானும் அப்படித்தான் போனேன். ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்த கைப்பிடி. 6 மி.மீ. அலுமினியத் தகட்டில், படத்தில் இருந்தபடி ஒரு நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தார் பட்டறைக்காரர். பிழிந்து பார்த்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "படத்துல இருக்கறதுதானுங்க தகட்டுல இருக்குது" என்றார். உண்மைதான். படம் போட்டது நான்.

மண் உருளைக்குள் ஒரே சீராக இறங்குவதில்லை. சுவரை ஒட்டிய மண் உரசலால் பின்தங்கும், நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும். டையிலும் இதே கதை. அகலமான வாயில் வேகமாகவும் ஒடுங்கிய வாயில் மெதுவாகவும் வெளியேறும். ஒரே துண்டின் இரண்டு ஓரமும் வெவ்வேறு வேகத்தில் வந்தால், மெதுவான பக்கம் பார்த்து வளையத்தான் செய்யும். அதனால் மெல்லிய ஓரத்தைத் தகட்டின் மையத்துக்கு அருகிலும், தடித்த ஓரத்தைச் சற்றுத் தள்ளியும் வரைய வேண்டும். அப்புறமும் வளைந்தால் அரத்தை எடுங்கள். மண் நுழையும் பக்கத்தில், மெதுவான ஓரத்தை மட்டும் சரிவாகத் தேய்த்தால் அங்கே மண் உரசும் நீளம் குறைந்து வேகம் கூடும். மண் வெளியேறும் பக்கத்து விளிம்பைத் தொட வேண்டாம், வடிவத்தைத் தீர்மானிப்பது அதுதான். கொஞ்சம் தேய்த்து, பிழிந்து பார்த்து, மறுபடி கொஞ்சம் தேய்த்து என்று நாலைந்து முறை போகும்.

இத்தனை முறை தேய்ப்பதற்குக் கைக்கு இணங்கும் மலிவான பொருள் வேண்டும். பாத்திரக்கடையில் விற்கும் வெள்ளை பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை என் முதல் தேர்வு. தடிமனானதாகப் பார்த்து வாங்குங்கள். ரம்பத்துக்கும் அரத்துக்கும் அடங்கும், ஈரத்தில் ஊறாது. 12 மி.மீ. பிளைவுட் சோதனைக்குப் போதும், தண்ணீரில் போட்டு மறந்துவிட்டால் உப்பிவிடும். 3 மி.மீ. அக்ரிலிக்கை லேசரில் வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அழுத்தத்தில் நடுவே வயிறு தள்ளும், ஒருநாள் மூலையிலிருந்து கீறல் ஓடிப் பட்டென்று உடையும். த்ரீடி பிரின்டரில் எடுப்பவர்கள் உட்புறத்தை வலைப்பின்னலாக விடாமல் முழுக்க நிரப்பி எடுக்க வேண்டும். அந்தப் பிரின்டர்களில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மே மாதத்தில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அது டையாக இருக்காது.

வடிவம் உறுதியான பிறகு உலோகத்துக்குப் போகலாம். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. சாதாரண இரும்பில் துரு ஏறும். அது மண்ணில் கலந்து, வெள்ளை மண் பாத்திரத்தில் சுட்டபின் கரும்புள்ளியாகத் தலைகாட்டும்.

கூர்மையான மூலைகளும் தொல்லைதான். அந்த இடத்தில் மண் கிழிந்து ரம்பப்பல் போல வரும். மூலையில் 2 மி.மீ. துளை போட்டு உருட்டிவிட்டால் பெரும்பாலும் தீரும். தீரவில்லையென்றால் டையைக் குறை சொல்லும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். இறுகிய மண் எந்த டையிலும் கிழியும். அதைத் தள்ளுவதற்கு நெம்புகோலில் நீளக் குழாயைச் செருகித் தொங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ட்ரூடரைச் சுவரில் மாட்டிய போல்ட்டே கையோடு வந்துவிடும்.

உண்மையான தலைவலி உள்ளீடற்ற குழாய் வடிவங்களில் இருக்கிறது. முறுக்கு நாழி இதைச் சொல்லித்தராது. குழாய் வர வேண்டுமென்றால் வாயின் நடுவே ஒரு அடைப்பு தொங்க வேண்டும். அந்தரத்தில் எப்படித் தொங்கும்? டைக்குப் பின்னால், உருளைக்குள், ஒரு பாலம் அமைத்து அதில் போல்ட்டால் மாட்டுகிறோம். மண் இறங்கும்போது இந்தப் பாலம் அதைக் கூறுபோடுகிறது. கூறான மண் வெளியே வருவதற்குள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தாக வேண்டும். பாலம் வாயை ஒட்டியே இருந்தால் சேர்வதற்கு இடமில்லை. ஈரத்தில் பார்த்தால் குழாய் முழுசாகத்தான் தெரியும். காயும்போதோ சூளையிலோ நெடுகப் பிளக்கும். பிளவுகளை எண்ணிப் பாருங்கள், பாலத்துக்கு எத்தனை காலோ அத்தனை கோடு இருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பாலத்தை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலமாவது பின்னால் தள்ளுங்கள். கால்கள் அழுத்தம் தாங்கும் அளவுக்கு உறுதியாக, ஆனால் மெல்லியதாக இருக்கட்டும். பலர் யு போல்ட்டையே பாலமாக வளைத்துப் போடுகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. மண்ணைச் சற்று இளக்கமாக வைத்தால் ஒட்டுவது இன்னும் சுலபம்.

அடைப்பு நடுவில் நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 6 மி.மீ. சுவர் வர வேண்டிய இடத்தில் அடைப்பு 1 மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கம் 7, மறுபக்கம் 5. குழாய் மெல்லிய பக்கம் வளையும். கையால் நிமிர்த்தினாலும் காயும்போது மறுபடி கோணிக்கொள்ளும். இடைவெளியின் அளவுக்குச் சரியான சிறு மரத்துண்டுகளைச் சுற்றிலும் செருகி, நட்டை முறுக்கியபின் உருவிவிடுவேன்.

அளவு விஷயத்திலும் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. உங்கள் மண் சுட்டபின் 12 சதவீதம் சுருங்குகிறது, 100 மி.மீ. அகலம் வேண்டும் என்றால் 112 போடுவோம். சுட்டால் 98.6 தான் வரும். 100-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், விடை 113.6. மூடி, சட்டம் என்று ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய துண்டுகளில் இந்த ஒன்றரை மி.மீ. காலை வாரிவிடும். சுருக்கத்தை அளக்க, அதே எக்ஸ்ட்ரூடரில் பிழிந்த துண்டில் ஈரமாக இருக்கும்போதே 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். மண் பையில் அச்சிட்ட எண்ணைவிட இதை நம்பலாம்.

தகட்டின் வெளிவிட்டத்தைச் சொல்லும்போது "நாலு இஞ்ச்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நாலு இஞ்ச் இரும்புக் குழாய் என்று கடையில் விற்பதன் வெளிவிட்டம் 114.3 மி.மீ. உள்விட்டம் சுவரின் தடிமனைப் பொறுத்து மாறும். டை உட்காரும் இடத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் பழைய டை ஒன்றையே கையில் கொண்டுபோங்கள்.

டை வந்ததும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சரிவு உள்ள பக்கத்தில் ஆணியால் "உள்" என்று கீறி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எந்தப் பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் இருந்ததில்லை.