இன்டர்ஃபெரோன் பாடத்தை லயத்திலிருந்து தொடங்குங்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனப் (நோய் எதிர்ப்பு) பாடத்தில் இன்டர்ஃபெரோன் வந்தாலே, "வைரஸைக் கொல்லும் புரதம்" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். முதலில் அந்தப் பிழையைத் திருத்துங்கள்.

கரும்பலகையில் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, கீறுங்கள். ஒரே கூரை, பத்துக் காம்பரா, இடையில் பொதுச்சுவர். மூன்றாவது காம்பராவைச் சிவப்புச் சோக்கால் நிரப்புங்கள். அதுதான் வைரஸ் புகுந்த கலம். இனிக் கேளுங்கள்: உங்கள் காம்பராவில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?

எங்கள் பிள்ளைகளுக்கு யோசிக்கவே தேவையில்லை. "சுவரில தட்டுவோம் டீச்சர்."

அந்தத் தட்டுதான் இன்டர்ஃபெரோன்: வைரஸ் புகுந்த கலம் அயல் கலங்களை எச்சரிக்க வெளிவிடும் புரதம். இரண்டாம், நான்காம் காம்பராக்களைச் சுற்றி மஞ்சள் சோக்கால் தடித்த கோடு போடுங்கள். தட்டுக் கேட்ட கலங்கள் இரண்டு வகை நொதிகளைத் தயார் செய்து வைக்கின்றன. வைரஸ் உள்ளே வந்ததும் ஒன்று ஆர்என்ஏயை வெட்ட வழிசெய்யும். மற்றது புரதத் தொகுப்பை நிறுத்தும். வைரஸுக்குச் சொந்த அடுப்பு கிடையாது. கலம் தன் அடுப்பை அணைத்துவிட்டால் அது எதில் சமைக்கும்?

"தட்டுதான் காப்பாற்றியது என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது 1957ஐச் சொல்லுங்கள். லண்டனில் அலிக் ஐசாக்ஸும் ஜீன் லிண்டன்மனும் வெப்பத்தால் செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸைக் கோழிக்கருச் சவ்வில் இட்டார்கள். அந்தச் சவ்விலிருந்து வெளிவந்த திரவத்தைப் புதிய சவ்வுக்குக் கொடுத்தபோது, உயிருள்ள வைரஸால் அங்கே பெருக முடியவில்லை.

அல்ஃபா, பீட்டா, காமா, லம்டா என்ற வகைகளைப் புத்தகத்திலேயே படிக்கலாம். அதில் நேரம் போக்க வேண்டாம்.

உடல்நோவுக்கு மட்டும் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். ஒரு மாணவி கேட்டாள்: "காய்ச்சல் வந்தப்ப அம்மாவால கொழுந்துக்கூடையைத் தூக்கவே முடியல. வைரஸ் முதுகையுமா தின்னுது?" இல்லை மகள், அந்த நோவில் பெரும்பங்கு நம் உடல் எழுப்பும் எச்சரிக்கையால் வருவது. ஈரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரோன் ஊசி போட்டவர்களுக்கும் இதே குளிர்காய்ச்சலும் உடல்நோவும் வந்தன. அவர்கள் உடலில் இன்ஃபுளுவென்சா வைரஸ் இருக்கவில்லை.

அடுத்து டெங்கு. அந்த வைரஸின் என்எஸ்5 புரதம், தட்டுச் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஸ்டாட்2 புரதத்தை அழித்துவிடுகிறது. பலகையில் மஞ்சள் கோட்டை ஓரிடத்தில் அழித்துக் காட்டுங்கள். லூபஸ் நோயாளிகள் பலரில் இதற்கு எதிர்மாறு: தீயே இல்லாமல் சுவர் ஓயாமல் தட்டப்படுகிறது, உடல் தன்னையே தாக்குகிறது.

கடைசியில் பழைய கொப்பிகளைத் திறக்கச் சொல்லுங்கள். "கொல்லும்" என்ற சொல்லை வெட்டி, "அயல் கலங்களை எச்சரிக்கும்" என்று அவர்கள் கையாலேயே எழுதட்டும்.