ரிவார்டு புள்ளிகளைத் தராத வங்கி மீது வழக்குத் தொடரலாமா?

இந்தியாவில் கிரெடிட் கார்டு வங்கி வாக்களித்த ரிவார்டு புள்ளிகளை வரவு வைக்கவில்லையென்றால், முதலில் அட்டையைப் பெற்றபோதும் செலவு செய்தபோதும் நடைமுறையில் இருந்த விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். வாடகை, எரிபொருள், வாலட்டில் பணம் ஏற்றுதல் ஆகியவற்றைப் பல வங்கிகள் விலக்கி வைக்கின்றன. கடைக்குரிய 4 இலக்க வணிக வகைக் குறியீட்டைக் கொண்டே இது முடிவாவதால், நீங்கள் மளிகை என்று நினைத்த செலவு வங்கியின் கணக்கில் வேறொன்றாகப் பதிவாகியிருக்கலாம். விதி வங்கியின் பக்கம் இருந்தால் வழக்கை மறந்துவிடுவதே நல்லது.

விதி உங்கள் பக்கம் இருந்தால், சலுகை விளம்பரத்தின் படம், மாதாந்திர அறிக்கை, மின்னஞ்சல்கள் ஆகியவற்றைச் சேர்த்து வங்கிக்கு எழுத்துமூலம் புகார் அளியுங்கள். தொலைபேசியில் பேசியது சான்றாக நிற்பது கடினம். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நீதிமன்றத்தில் ஏற்கெனவே நிலுவையில் உள்ள விவகாரத்தை அவர் ஏற்பதில்லை என்பதால், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதன் பிறகே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்யலாம். ஆனாலும் சில நூறு ரூபாய்க்காகப் பல வாய்தாக்களுக்கு அலைவது, என் பார்வையில், வீண். தொகை ஆயிரங்களைத் தாண்டி, எழுத்துச் சான்றும் உறுதியாக இருந்தால் தாராளமாக வழக்குத் தொடருங்கள்.