பாதி காய்ந்த வானத்தைத் தொடாதீர்கள்: தினமும் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் வரைவது என்று முடிவெடுத்து, புது வாட்டர்கலர் பெட்டியோடு மயிலாப்பூர் தெப்பக்குளக் கரைக்கு வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆட்கள் மாறினாலும் தவறுகள் மட்டும் மாறுவதில்லை. எல்லாம் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தண்ணீரை அடிக்கடி மாற்றுவது, பிரஷை டம்ளரிலேயே ஊறவிடாமல் எடுத்து வைப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தினம் ஒரு படம் முடித்தே ஆக வேண்டும் என்று உட்காருவது

தினப் பயிற்சி என்றதும் தினம் ஒரு முழுப் படம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிற ஒருவருக்குக் காலையில் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் பென்சில் கோடு, வானம், கோபுரம், நிழல், ஆட்கள் எல்லாவற்றையும் முடித்து, மாலைக்குள் போட்டோ எடுத்துப் போட வேண்டும் என்று உட்கார்ந்தால், ஏற்கெனவே கைக்கு வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். தென்னை மரம் நன்றாக வருகிறவர் எல்லாப் படத்திலும் ஒரு தென்னை மரம் வைப்பார். ஆட்களைப் போட வராதவர் அவர்களைத் தூரத்துப் புள்ளிகளாக வைத்து ஒப்பேற்றுவார். ஒரு வருடம் கழித்தும் அவை புள்ளிகளாகவே இருக்கும்.

அரை மணிக்கு ஒரு விஷயம் போதும். ஒரு நாள், நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளந்து, மண்டபத் தூண்களின் உயரத்தையும் இடைவெளியையும் மட்டும் சரியாகக் கொண்டுவாருங்கள். இன்னொரு நாள், ஜன்னல் ஓரம் வைத்த ஒரு செம்பை ஒரே கலரில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று டோனில் போடுங்கள். பக்கம் பார்க்க அழகாக இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை.

பாதி காய்ந்த வாஷுக்குள் திரும்பப் போவது

தண்ணீர் நிறையக் கலந்த கலரைத் தாளில் பரவலாகப் பூசுவதைத்தான் வாஷ் என்கிறோம். நல்ல தாளையும் நல்ல காலை நேரத்தையும் அதிகம் வீணாக்குவது, அது பாதி காய்ந்திருக்கும்போது திரும்பத் தொடுவதுதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கபாலீசுவரர் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தார். பென்சில் கோடுகள் கச்சிதம். நிலை நிலையாக அளந்து போட்டிருந்தார். தாளும் பருத்தித் தாள், யோசித்து வாங்கியது. மேலே அடர்ந்து கீழே வெளுக்கும்படி அல்ட்ராமரீன் நீலத்தில் வானத்தை இறக்கினார். நன்றாகவே வந்தது. அப்படியே விட்டிருந்தால் அது அவருடைய நல்ல படங்களில் ஒன்றாகியிருக்கும். இடது பக்க மேல் மூலையில் ஓர் இடம் கொஞ்சம் வெளுப்பாக அவர் கண்ணில் பட்டது. பிரஷைக் கழுவினார், துணியில் ஒற்றாமலே கலரைத் தொட்டு அந்த இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே காலிஃபிளவர் மாதிரி பிசிறு பிசிறாக ஒரு கறை விரிந்தது. அதைச் சமன்செய்ய மேலும் தண்ணீர், அதைச் சமன்செய்ய மேலும் கலர். கடைசியில் தாளின் மேற்பரப்பு தேய்ந்து நார் எழும்பிவிட்டது.

“சார், இங்க மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு. அதான் லேசா ஒரு டச் பண்ணேன்.”

அந்த ‘லேசா ஒரு டச்’சில் போன வானங்களுக்குக் கணக்கே இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், “வாட்டர்கலர் எனக்கு வராது” என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவது. அந்தப் பெண்ணும் அன்று அதைத்தான் சொன்னார். அவ்வளவு சரியாக அளந்து வரைந்த கை அது. படம் போனது திறமை இல்லாததால் அல்ல, ஈரத்தைப் பார்க்கத் தெரியாததால்.

வாஷ் போட்ட தாள் நான்கு நிலைகளைத் தாண்டிக் காய்கிறது. முதலில் தண்ணீர் மேலே தேங்கி, சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று மின்னும். இப்போது எதையும் செய்யலாம், கலர் தானாகக் கலந்துகொள்ளும். இரண்டாவது, மினுக்கம் அடங்கி மங்கலான ஈரப் பளபளப்பு மட்டும் இருக்கும். தண்ணீர் ஒற்றி எடுத்த பிரஷில் கெட்டியான கலரை எடுத்து வைத்தால், ஓரம் மென்மையாகப் பரவி மேகத்தின் அடிப்பாகமும் தூரத்து மரங்களும் அழகாக வரும். மூன்றாவது நிலைதான் ஆபத்து. பளபளப்பு போய்விட்டது, பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருப்பதால் வரும் குளிர்ச்சி அது. இந்த நேரத்தில் தொடவே கூடாது. குளிர்ச்சி முழுக்க விட்ட பிறகு வருவது நான்காவது நிலை, அடுத்த லேயருக்கு உரியது.

மூன்றாவது நிலையில் என்ன நடக்கிறது? நிறத்துகள்கள் தாளில் அப்போதுதான் படியத் தொடங்கியிருக்கும். பிரஷில் இருக்கும் தண்ணீர் தாளில் இருப்பதைவிட அதிகம். அது காய்ந்துகொண்டிருக்கும் பக்கமாகப் பரவும். வழியில் இன்னும் சரியாக ஒட்டாத துகள்களை வாரிக்கொண்டு போய், ஓட்டம் நிற்கிற இடத்தில் கோடாகச் சேர்த்துவிடும். அந்தக் கோடுதான் கறையின் ஓரம். ஆகவே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: இரண்டாம் முறை உள்ளே போகும் பிரஷ், தாளைவிடக் குறைந்த ஈரத்தோடு இருக்க வேண்டும்.

பிரஷே படாமலும் இது நடக்கும். சாய்த்து வைத்த தாளின் கீழ் விளிம்பில், ஒட்டிய டேப்பின் மேல், தண்ணீர் திரண்டு நிற்கும். மேலே காயக் காய அது திரும்பி உள்ளே ஏறி வரும். வாஷ் முடிந்ததும் பிழிந்த பிரஷாலோ டிஷ்யூவாலோ விளிம்பை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இந்தத் தவறு இவ்வளவு பரவியிருப்பதற்கு வீடியோக்களும் ஒரு காரணம். வானம் போடுவதைக் காட்டுவார்கள், உடனே அடுத்த காட்சியில் மரம் போடுவார்கள். நடுவில் காய்வதற்காகக் காத்திருந்த நேரம் வெட்டப்பட்டிருக்கும். பார்க்கிறவருக்கு அப்படி ஒரு நேரம் இருப்பதே தெரியாது. வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘பத்து நிமிடம் காத்திருங்கள்’ என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கு இங்கே உதவாது. சித்திரை மாதம் பத்து மணி வெயிலில் மொட்டை மாடியில் வாஷ் போட்டால், பிரஷ் தாளின் அடிப்பகுதிக்கு வந்து சேர்வதற்குள் மேல்பகுதி காய்ந்திருக்கும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் போட்ட அதே வாஷ், நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்த பிறகும் சில்லென்றுதான் இருக்கும். சீலிங் ஃபேன் ஓடினால் ஓரங்கள் முந்திக்கொண்டு காயும், நடுவில் ஈரம் நிற்கும். தாளைப் பொறுத்தும் மாறும். சார்ட் பேப்பர் தண்ணீரைத் திட்டுத் திட்டாகக் குடித்துவிடும். அதில் எத்தனை நாள் பழகினாலும் இந்த நிலைகள் கண்ணுக்குப் பிடிபடாது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளில் மேலே பூசியிருக்கும் பசை தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேற்பரப்பிலேயே நிறுத்தி வைக்கிறது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

ஆகவே நிமிடக் கணக்கை உங்கள் வீட்டில், உங்கள் தாளில், நீங்களே பழகிக்கொள்ள வேண்டும். தாளில் உள்ளங்கை அளவுக்கு ஆறு கட்டங்கள் போடுங்கள். ஆறிலும் ஒரே நேரத்தில் ஒரே அடர்த்தியில் வாஷ் போடுங்கள். முதல் கட்டத்தில் உடனே ஒரு சொட்டு சுத்தமான தண்ணீர், இரண்டாவதில் இரண்டு நிமிடம் கழித்து, மூன்றாவதில் நான்கு நிமிடம் கழித்து என்று விட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றின் கீழும் நேரத்தை எழுதுங்கள். முதலில் விட்ட சொட்டு கரைந்து காணாமல் போயிருக்கும். நடுவில் விட்டவை பூத்து நிற்கும். அடுத்த நாள் தண்ணீருக்குப் பதில் கெட்டிக் கலரில் இதையே செய்யுங்கள். ஒரு வாரம் இதில் போனாலும் அந்த வாரம் வீணில்லை.

காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருந்தால் தொடத்தான் தோன்றும். அதனால் பக்கத்தில் ஒரு ஸ்கெட்ச்புக்கும் பென்சிலும் கட்டாயம் இருக்கட்டும். வாஷ் காயும்வரை அடுத்த படத்துக்கான கோட்டை அளந்து போடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் போடுங்கள். ஆங்கில ஓவியர் டர்னர் பயணங்களில் பெரும்பாலும் பென்சிலால்தான் வரைந்தார். வெளியில் ஒரு கலர் படம் போடும் நேரத்தில் பதினைந்து, பதினாறு பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிடலாம் என்று 1819-ல் நேப்பிள்ஸில் அவர் சொன்னதாக ஒரு கடிதம் இருக்கிறது. அவ்வளவு பெரிய வாட்டர்கலர் கை அது. வாட்டர்கலர் காயும் நேரத்தைப் பென்சிலுக்குக் கொடுத்தால் கோடும் வளரும், வானமும் தப்பிக்கும்.

கறை விழுந்துவிட்டதா? உடனே கையை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு ஈரமான பிரஷால் அந்த ஓரத்தை மெல்லத் தடவி டிஷ்யூவால் ஒற்றினால் ஓரளவு அடங்கும். அல்ட்ராமரீன், கோபால்ட் என்றால் வரும். தேலோ புளூ என்ற அழுத்தமான நீலம் தாளைப் பற்றிக்கொள்ளும், எளிதில் எழாது. பழகும் காலத்தில் வானத்துக்குத் தேலோ வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நல்ல தாளைப் பூட்டி வைப்பது

‘நன்றாக வரைய வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று பருத்தித் தாளை அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நம் கடற்கரைக் காற்றில் அது அலமாரிக்குள்ளேயே கெட்டுப்போகும். ஈரப்பதத்தில் பூஞ்சை ஏறி, மேற்பூச்சுப் பசை அங்கங்கே போய்விடும். வெறும் தாளாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாஷ் போட்டதும் அந்த இடங்கள் மட்டும் கலரை உறிஞ்சிக் கரும்புள்ளிகளாக நிற்கும். வாங்கியது எவ்வளவு விலையாக இருந்தாலும் பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை.

22 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள முழு ஷீட் வாங்கி, 16 துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஐந்தரைக்கு ஏழரை அங்குலம் வரும். தினப் பயிற்சிக்கு அது தாராளம். மீதியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். பின்பக்கத்தையும் பயன்படுத்துங்கள்.

சின்ன பிரஷில் பெரிய வானம்

12-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் வாங்குங்கள்.

போட்டோவை மட்டும் பார்த்து வரைவது

மழை நாளில், இரவில், போட்டோவை வைத்துப் பழகுவதில் குற்றமில்லை. போட்டோ மட்டுமே என்றால் கண் கெட்டுவிடும். மண்டபத்து நிழலை போன் ஒரே இருட்டாக்கிவிடுகிறது. நேரில் நின்றால் அதே நிழலுக்குள் வெயில் பட்ட கல்தரையிலிருந்து திரும்பி வரும் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், தூணின் அடியிலிருந்து மேலேறிக் குறைவது தெரியும். வாட்டர்கலரில் நிழல் உயிரோடு இருப்பது அந்த வெளிச்சத்தால்தான். ஆனந்த விகடனில் கோயில்களை வரைந்த சில்பி, அந்தந்தக் கோயிலுக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர். அவர் வரைந்த சிற்பங்களில் கல்லின் கனம் தெரிவதற்கு அந்த உட்கார்வுதான் காரணம் என்று நம்புகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போங்கள். முடியாதவர்கள் சமையலறை மேடையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை வரையுங்கள்.

கறுப்பு

பெட்டியில் இருக்கும் கறுப்புக் கலர்க் கட்டியைத் தொட வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் வேண்டிய இருட்டு கிடைக்கும்.

அழுத்தி அழிப்பது

தாளின் தோல் போய்விடும். சாதாரண ரப்பரை விட்டு, பிசையும் ரப்பரால் ஒற்றி எடுங்கள்.

விட்ட நாளுக்கு ஈடு செய்வது

கல்யாணம், காய்ச்சல், ஆடிட், பிள்ளைகளின் பரீட்சை என்று நாட்கள் விடுபடத்தான் செய்யும். விட்ட மூன்று நாளுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை நான்கு படம் போட உட்காருகிறவர்கள், அடுத்த வாரம் பிரஷைத் தொடுவதில்லை. விட்டது விட்டதுதான். இன்றைய அரை மணி நேரத்தை மட்டும் பாருங்கள்.

கெட்ட பக்கங்களைக் கிழித்துப் போடுவது

கிழித்துவிட்டால் எங்கே கெட்டது என்று பார்க்க வழி இருக்காது. வைத்திருங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தேதி, நேரம், எந்தத் தாள், எந்தெந்தக் கலர், வெயிலா மழையா, ஃபேன் ஓடியதா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கறை விழுந்தவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பின்பக்கங்களைப் படியுங்கள். அடுத்த மாதம் எந்த நேரத்தில் வரைய உட்காருவது, அப்போது ஃபேனை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.